வார்டு அனுபவம் வகுப்பறைக்குப் போகும்போது: செவிலிய ஆசிரியராக விரும்புவோருக்கான முதுநிலைப் படிப்பு

பத்துப் பன்னிரண்டு வருடம் வார்டில் வேலை பார்த்த ஒரு செவிலியரிடம், ஐ.வி. கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) போடுவது எப்படி என்று மாணவி ஒருவர் கேட்டால் நாலு வரியில் பதில் வந்துவிடும். டூர்னிக்கே (கையை இறுக்கும் பட்டை) கட்டு, ரத்தக்குழாயைத் தொட்டுப் பார், ஊசியைச் செலுத்து, ரத்தம் தெரிந்ததும் கேனுலாவைத் தள்ளிவிட்டு ஊசியை எடு. மாணவி அப்படியே செய்கிறார். ஊசியின் பின்பகுதியில் ரத்தமும் தெரிகிறது. ஆனால் கேனுலாவைத் தள்ளினால் போகவில்லை, இடம் வீங்குகிறது.

காரணம் எளியது. ஊசியின் முனை, அதன்மேல் போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் குழாயின் முனையைவிடச் சற்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் தெரிந்த நொடியில் உள்ளே போயிருப்பது ஊசி முனை மட்டும்தான். பழகிய கை அப்போது கோணத்தைத் தாழ்த்தி, ஊசியும் குழாயும் சேர்ந்தபடி இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னே போய், அதற்கப்புறம்தான் குழாயை நழுவவிடும். இப்படி ஓர் அசைவு நடக்கிறது என்பது அதைச் செய்பவருக்கே தெரியாது. தெரியாததால் சொல்லவில்லை. சொல்லாததால் மாணவிக்குத் தவறிப்போகிறது. பதற்றத்தில் வெளியே எடுத்த ஊசியை மறுபடி குழாய்க்குள் திணித்தால் பிளாஸ்டிக் வெட்டுப்பட்டுத் துண்டு உள்ளேயே போய்விடலாம் என்கிற எச்சரிக்கையும் அந்த நாலு வரியில் இல்லை.

செவிலிய ஆசிரியருக்கான முதுநிலைப் படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அனுபவம் கூடக்கூட, வேலையின் படிகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றன. அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர் பட்ரீசியா பென்னர் 1984-இல் செவிலியர்களின் வளர்ச்சியைத் தொடக்கநிலையிலிருந்து நிபுணர் நிலை வரை ஐந்து கட்டமாக விவரித்தபோது சொன்னதும் இதுதான்: தொடக்கநிலையில் இருப்பவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், நிபுணர் நிலைமையை மொத்தமாகப் பார்த்துச் சட்டென்று செயல்படுகிறார். நிபுணருக்கு விதி தேவைப்படுவதில்லை, மாணவிக்கோ விதியைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பப் பல வருட அனுபவம் மட்டும் உதவாது. சில சமயம் அதுவே இடைவெளியைப் பெரிதாக்கும். கைக்குள் போய்விட்ட அறிவை மறுபடி படிகளாகப் பிரிப்பது, மாணவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கண்டுபிடிப்பது, அவர் நோயாளியிடம் தனியாகப் போகத் தகுதியானவரா என்று நியாயமாகத் தீர்ப்புச் சொல்வது, இந்த மூன்றுக்குத்தான் இந்தப் படிப்பு.

இந்த எண்ணம் புதிதல்ல. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீச்சர்ஸ் கல்லூரியில் 1899-லேயே அனுபவமுள்ள செவிலியர்களுக்கென்று ஒரு பாடப்பிரிவு தொடங்கியது. அங்கே 1907-இல் அடிலெய்ட் நட்டிங் பேராசிரியரானார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் செவிலியர் அவர்தான். நன்றாக வேலை செய்பவர் தானாகவே நன்றாகக் கற்பிப்பார் என்ற நம்பிக்கையை அந்தத் தலைமுறையே கைவிட்டுவிட்டது. ஆனாலும் சீனியாரிட்டியைப் பார்த்து ஒருவரை வகுப்பறைக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது, அதன் பாரம் மாணவர்மேல் விழுகிறது.

படிப்புக்குள் என்னென்ன இருக்கும்? நாட்டுக்கு நாடு பெயரும் அளவும் மாறினாலும் உள்ளடக்கம் பெரிதும் ஒன்றுபோலத்தான். நோய்க்கூறியல், மருந்தியல், உடல் பரிசோதனை ஆகியவற்றின் உயர்நிலைப் பாடங்கள்; ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும்; கற்றல் கோட்பாடுகள், பாடத்திட்ட வடிவமைப்பு, கற்பிக்கும் முறைகள், மதிப்பீடு; கடைசியில் மேற்பார்வையுடன் கூடிய கற்பித்தல் பயிற்சியும் ஓர் ஆய்வேடோ திட்டப்பணியோ. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் செவிலிய ஆசிரியருக்கு வேண்டிய திறன்களை எட்டுப் பிரிவாகத் தொகுத்து வெளியிட்டது. வயதுவந்தோர் கற்கும் விதம், பாடத்திட்டம், மருத்துவமனைச் செயல்திறன், ஆராய்ச்சி, தொடர்பும் கூட்டுழைப்பும், அறமும் சட்டமும், மதிப்பீடு, நிர்வாகமும் தலைமையும். சேரப்போகும் படிப்பின் பாடப்பட்டியலை இந்த எட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது கனம், எது ஒப்புக்கு வைத்தது என்பது தெரிந்துவிடும். மதிப்பீட்டுக்கெனத் தனிப் பாடம் இல்லாமல், கற்பிக்கும் முறைகளோடு சேர்த்து ஓரிரு வாரத்தில் முடித்துவிடும் படிப்பென்றால் யோசிக்க வேண்டும்.

கற்றல் கோட்பாடுகள் என்றதும் சலிப்புத் தட்டலாம். ஆனால் வார்டு பின்னணியோடு வருபவருக்கு முதல் நாளிலிருந்தே கைகொடுப்பவை இவை. மனித மனம் ஒரே நேரத்தில் மூன்று நான்கு புதிய விஷயங்களுக்கு மேல் தாங்காது. கேனுலா போடக் கற்கும் மாணவிக்குக் கிருமிநீக்க ஒழுங்கு, ஊசியின் கோணம், நோயாளியோடு பேச்சு, கையில் வைத்திருக்கும் பொருட்கள் எல்லாமே புதிது. நிபுணருக்கு இவை யாவும் ஒரே செயல். அதனால்தான் மருத்துவக் கல்வியாளர் பெய்ட்டன் வகுத்த நான்கு படி முறை வேலை செய்கிறது. முதலில் ஆசிரியர் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுகிறார். இரண்டாம் முறை ஒவ்வொரு படியையும் விளக்கியபடி மெதுவாகச் செய்கிறார். மூன்றாம் முறை மாணவி சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்கிறார். நான்காவதில்தான் மாணவி தானே சொல்லிக்கொண்டு செய்கிறார். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது மூன்றாவது படியை. உண்மையில் அதுதான் உயிர்நாடி: மாணவியின் மனதில் எந்தப் படி விடுபட்டிருக்கிறது என்பது நோயாளியின் கையில் ஊசி ஏறுவதற்கு முன்பே அங்கே வெளிப்பட்டுவிடும். தான் சொல்ல மறந்த படி எது என்பதும் ஆசிரியருக்கு அங்கேதான் தெரியவரும்.

பாடத்திட்டப் பாடத்தில் புதியவர்கள் தடுமாறும் இடம் கற்றல் இலக்கு எழுதுவது. "மாணவர் ரத்த அழுத்தம் பற்றிப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் அதை அளக்க வழியில்லை. "கை சுற்றளவுக்கு ஏற்ற கஃபை (கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டை) தேர்ந்து, நாடியைத் தொட்டு உத்தேச அழுத்தம் கண்டு, அதற்கு மேல் 30 மி.மீ. ஏற்றி, நொடிக்கு 2 மி.மீ. வீதம் இறக்கி, பயிற்றுநரின் அளவீட்டிலிருந்து 4 மி.மீ.க்குள் படித்துக் காட்டுவார்" என்று எழுதினால், என்ன கற்பிக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற இரண்டும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. 1956-இல் பெஞ்சமின் புளூம் தலைமையில் வெளிவந்து 2001-இல் திருத்தப்பட்ட அறிவு நிலைகளின் வகைப்பாட்டை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. எழுதிய இலக்கு வெறும் நினைவாற்றலைக் கேட்கிறதா, பகுத்துப் பார்ப்பதைக் கேட்கிறதா என்று சரிபார்க்கும் கருவியாக அதை வைத்துக்கொண்டால் போதும். வகுப்பில் பகுத்தாய்வைக் கற்பித்துவிட்டுத் தேர்வில் மனப்பாடத்தைக் கேட்டால், மாணவர் அடுத்த முறை மனப்பாடம்தான் செய்வார்.

இனி மதிப்பீடு. இந்தப் படிப்பிலேயே அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது என்பது எங்கள் உறுதியான கருத்து. நோயாளியின் பாதுகாப்புக்கும் தேர்வுத்தாளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

நல்ல வினாத்தாள் வினாக்களில் தொடங்குவதில்லை. முதலில் வருவது திட்டவரைவு. எந்தப் பாடத்துக்கு எத்தனை வினா, எந்த அறிவு நிலையில் எத்தனை என்று ஓர் அட்டவணை போட்ட பிறகுதான் வினா எழுத வேண்டும். இல்லையென்றால் எழுத எளிதான தலைப்புகளிலிருந்து வினாக்கள் குவியும். கொள்குறி வினாவில் வழக்கமாக நேரும் பிழைகள் சில: சரியான விடை மற்றவற்றைவிட நீளமாக இருப்பது, "மேற்கண்ட அனைத்தும்" என்று முடிப்பது, "பின்வருவனவற்றுள் எது இல்லை" என்று எதிர்மறையாகக் கேட்பது, எவரும் தேர்ந்தெடுக்காத நாலாவது விடையை எண்ணிக்கைக்காகச் சேர்ப்பது. நம்பத்தகுந்த மூன்று விடைகள் இருந்தாலே வினா நன்றாக வேலை செய்யும்.

தேர்வு முடிந்த பிறகுதான் பாதி வேலை தொடங்குகிறது. 60 பேர் எழுதிய தேர்வை எடுத்துக்கொள்வோம். ஒரு வினாவுக்கு 38 பேர் சரியாக விடையளித்தால் அதன் எளிமைக் குறியீடு 38-ஐ 60-ஆல் வகுத்தது, அதாவது 0.63. அளவான வினாதான். ஆனால் இது நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்துக் காட்டுகிறதா? அதற்கு மொத்த மதிப்பெண்ணில் மேல்மட்ட 27 விழுக்காட்டினரையும் கீழ்மட்ட 27 விழுக்காட்டினரையும் எடுப்பார்கள். 60 பேரில் தலா 16 பேர். மேல்மட்டத்தில் 14 பேரும் கீழ்மட்டத்தில் 4 பேரும் சரியென்றால் வித்தியாசம் 10. அதை 16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.63. இதுதான் பிரித்தறியும் குறியீடு. 0.3-க்கு மேல் போனாலே நல்ல வினா, இது மிக நல்ல வினா. இதே வினாவில் மேல்மட்டத்தினர் 5 பேரும் கீழ்மட்டத்தினர் 9 பேரும் சரியாக எழுதியிருந்தால் குறியீடு எதிர்மறையாகிவிடும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது விடைக்குறிப்பை. பெரும்பாலும் அதில்தான் தவறு இருக்கும். விடைக்குறிப்பு சரியென்றால் வினாவின் சொற்களில் இரட்டைப் பொருள் இருக்கிறது. விவரம் தெரிந்த மாணவர் அதிகம் யோசித்துத் தவறான விடைக்குப் போயிருக்கிறார். அந்த வினாவை அப்படியே மதிப்பெண்ணில் சேர்ப்பது நன்கு படித்தவரைத் தண்டிப்பதாகும். ஒரே ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும்: மருந்தளவுக் கணக்கு போல எல்லோருக்கும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய வினாவில் எல்லோருமே சரியாக எழுதினால் பிரித்தறியும் குறியீடு பூஜ்யமாகத்தான் வரும். அது குறை அல்ல. அந்த வினாவை நீக்கிவிடக் கூடாது.

தாளில் எழுதுவதும் கையால் செய்வதும் வேறு வேறு. மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் இதை நான்கு அடுக்காகப் பிரித்தார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், நடைமுறையில் செய்வார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு அடுக்கைத் தாண்டாது. மூன்றாவதற்காக 1975-இல் ரொனால்ட் ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டீயில் அறிமுகப்படுத்தியதுதான் ஓஸ்கி என்று எல்லோரும் அழைக்கும் நிலையவாரித் தேர்வு. மணி அடிக்க அடிக்க மாணவர் நிலையம் மாறுவார், ஒவ்வொன்றிலும் ஒரு பணி, ஒரு சரிபார்ப்புப் பட்டியல். நடத்திப் பார்க்காதவர்களுக்குத் தெரியாத சிக்கல்கள் இதில் உண்டு. நிலையங்களை 5, 5, 12 நிமிடம் என்று வைத்தால் சுற்று முழுவதும் தடைபடும். எல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும், அல்லது நீண்ட பணியை இரண்டு நிலையமாகப் பிரிக்க வேண்டும். பட்டியலில் "கை கழுவினார்" என்பதற்கும் "தவறான நோயாளிக்கு மருந்து கொடுக்கவில்லை" என்பதற்கும் ஒரே மதிப்பெண் இருந்தால், உயிருக்கு ஆபத்தான தவறு செய்தவரும் மற்றவற்றைச் சேர்த்துத் தேறிவிடுவார். ஆபத்தான தவறுகளைத் தனியே குறித்து, அவற்றில் ஒன்று நடந்தாலும் அந்த நிலையத்தில் தேர்ச்சியில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவதுதான் முறை.

சிமுலேஷன் (நோயாளிக்குப் பதில் பொம்மையை வைத்து வார்டு நிலைமையைப் போலச் செய்து பழகுவது) பாடத்தில் மேனிக்கின் என்கிற அந்தப் பொம்மையும் திரையும் கண்ணைப் பறிக்கும். கற்றல் நிகழ்வது பெரும்பாலும் அதற்கு அடுத்து வரும் கலந்துரையாடலில். அமெரிக்காவில் பத்துச் செவிலியப் படிப்புகளில் நடந்து 2014-இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று, வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதி வரை தரமான சிமுலேஷனால் மாற்றீடு செய்தாலும் மாணவரின் திறன் குறையவில்லை என்று காட்டியது. அதை மேற்கோள் காட்டுவோர் பலர் விட்டுவிடும் நிபந்தனை முக்கியமானது: அங்கே ஆசிரியர்கள் முறைப்படி பயிற்சி பெற்றவர்கள், கலந்துரையாடலும் வகுத்த முறைப்படி நடந்தது. முதலில் மாணவரின் உணர்வைப் பேசவிடுவது, பிறகு என்ன நடந்தது, ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று அலசுவது, கடைசியில் அடுத்த முறைக்கான முடிவு. ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தால் அது கலந்துரையாடல் ஆகாது. காட்சி ஓடிய நேரத்துக்குக் குறையாமல் இதற்கு நேரம் ஒதுக்குவது நல்லது.

வார்டில் மாணவரோடு நிற்பது வேறொரு கலை. எட்டுப் பத்து மாணவர்கள், அத்தனை நோயாளிகள், நடுவே ஓர் ஆசிரியர். ஒரு மாணவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்துக்கென்றே 1992-இல் வெளியான ஐந்து சிறு உத்திகள் இன்றும் பயன்படுகின்றன: உன் முடிவு என்ன என்று சொல்லவை, ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேள், பொதுவிதி ஒன்றைக் கற்பி, சரியாகச் செய்ததைச் சொல், தவறைத் திருத்து. அனுபவசாலிகளுக்கு முதல் இரண்டும்தான் கடினம். நோயாளியைப் பார்த்ததும் அவர்களுக்கு விடை தெரிந்துவிடுகிறது, வாய் தானாகத் திறந்துவிடுகிறது. மாணவருக்கு யோசிக்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

இதைவிடக் கடினமானது ஒருவரைத் தேர்ச்சியில்லை என்று சொல்வது. ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி 2003-இல் வெளியிட்ட ஆய்வு, தகுதி குறைந்த மாணவர்கள் என்று தெரிந்தும் வார்டுப் பயிற்றுநர்கள் அவர்களைத் தேர்ச்சியாக்கிவிடுவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பரிதாபம் ஒரு காரணம். கடைசி வாரம் வரை எதையும் எழுதி வைக்காமல் விட்டது இன்னொரு காரணம். "ஆர்வம் போதாது, கவனக்குறைவு" என்று எழுதிய அறிக்கை மேல்முறையீட்டில் நிற்காது. "மூன்றாம் வாரம் செவ்வாய், காலை 8 மணி மருந்து. அடையாளக் கைப்பட்டையைப் பார்க்கவில்லை, நோயாளியின் பெயரைக் கேட்கவில்லை. அன்றே சுட்டிக்காட்டப்பட்டது. வியாழக்கிழமை அதே தவறு" என்று எழுதினால் நிற்கும். மாணவருக்கும் அதுதான் நியாயம். எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் தெரியும். இடைக்கால மதிப்பீட்டிலேயே எச்சரிக்கையும் திருத்தத் திட்டமும் கையெழுத்தோடு பதிவாகியிருக்க வேண்டும். இதை எழுதிப் பழகும் வாய்ப்பைத் தருகிறதா என்பது ஒரு படிப்பின் தரத்தைக் காட்டும்.

ஆய்வேட்டில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ஒரே குழுவை எடுத்து, ஒரு தலைப்பில் வினாத்தாள் கொடுத்து, ஒரு மணி நேரம் வகுப்பெடுத்து, அதே வினாத்தாளை உடனே மறுபடி கொடுப்பது. மதிப்பெண் கூடாமல் இருக்குமா? அது கற்பித்த முறையின் சிறப்பைக் காட்டவில்லை. இப்போதுதான் கேட்டது நினைவிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. ஒப்பிட இன்னொரு குழு, ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை, முடிந்தால் எழுத்துக்குப் பதில் செயல்முறைச் சோதனை, இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் ஆய்வுக்கு அர்த்தம் வரும். இன்னொன்று, தன்னிடம் படிக்கும் மாணவரைத் தானே ஆய்வுக்குச் சேர்த்தால் அவர்களால் மறுக்க முடியாது. சம்மதம் வாங்கும் வேலையை அந்த மாணவர்களோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்து, மதிப்பெண் வெளியாகும் வரை யார் சம்மதித்தார் என்பது ஆசிரியருக்குத் தெரியாதபடி வைத்தால்தான் ஆய்வுக்கு அனுமதி தரும் அறக்குழு ஒப்புக்கொள்ளும்.

கற்பித்தல் பயிற்சியைத் தான் வேலை பார்க்கும் வார்டிலேயே முடித்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். தெரிந்த இடம், அலைச்சல் இல்லை. ஆனால் ஆள் குறைந்த நாளில் சக ஊழியர்கள் அவரை டியூட்டிக்கு இழுத்துவிடுவார்கள். மாணவர்கள் ஓரமாக நிற்பார்கள். வகுப்பறை ஒன்று, அறிமுகமில்லாத வார்டு ஒன்று என இரண்டு இடத்தில் பயிற்சி எடுப்பது நல்லது. வழிகாட்டியாக வருபவர் நல்ல செவிலியராக இருந்தால் மட்டும் போதாது, வினாத்தாள் அமைத்து, பாடத்திட்டக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவராக இருக்க வேண்டும்.

நேரக் கணக்கைச் சேருவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வகுப்பு மூன்று மணி நேரம், வீட்டில் படிக்கவும் எழுதவும் ஆறு மணி நேரம் என வாரம் 9 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. முழுநேர வேலையோடு ஒரே பருவத்தில் இரண்டு பாடம் எடுத்தால் வாரம் 18 மணி நேரம். இரவு டியூட்டி அதிகம் வரும் மாதங்களில் புள்ளியியலையும் நோய்க்கூறியலையும் சேர்த்து எடுத்தால் பாதியில் நின்றுவிடும் ஆபத்து அதிகம். வருமானத்தையும் கூச்சமின்றி விசாரிக்க வேண்டும். அனுபவமுள்ள வார்டு செவிலியரைவிடத் தொடக்கநிலை ஆசிரியர் குறைவாகச் சம்பாதிக்கும் இடங்கள் உண்டு, இரவு டியூட்டிப் படியும் போய்விடும்.

பட்டத்தின் பெயரைவிட அங்கீகாரம் முக்கியம். நாட்டின் செவிலியக் கவுன்சில் அந்தப் படிப்பை ஏற்கிறதா, அதை வைத்து எந்த நிலைப் படிப்புவரை கற்பிக்கலாம், செவிலியப் பதிவைத் தொடர்ந்து புதுப்பிக்க வார்டு வேலை நேரம் எவ்வளவு வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பல்கலைக்கழக நிலையில் நிரந்தரப் பேராசிரியராக விரும்பினால் முதுநிலைப் பட்டம் போதாது, முனைவர் பட்டம் தேவைப்படும். அந்த எண்ணம் இருந்தால் திட்டப்பணியை விட்டு ஆய்வேடு எழுதும் வழியைத் தேர்வதே மேல்.

விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்க அறிக்கையில் பெரும்பாலானோர் தங்கள் சேவை ஆர்வத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தேர்வுக்குழு தேடுவது வேறு. புதிதாக வந்தவருக்கு வார்டில் எதைக் கற்றுக்கொடுத்தீர்கள், எந்த இடத்தில் அவருக்குப் புரியவில்லை, அதைப் பார்த்து எதை மாற்றினீர்கள், மாற்றிய பிறகு என்ன ஆனது என்று ஒரே ஒரு நிகழ்வை விவரமாக எழுதினால் போதும். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றையாவது உங்களிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவரின் மேற்பார்வையாளரிடமிருந்து வாங்குங்கள். விண்ணப்பிக்கக் குறைந்தது ஆறு மாதம் முன்பே வார்டில் புதியவர்களுக்கான பயிற்றுநர் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டால், இவை இரண்டுக்கும் தேவையானது கையில் இருக்கும்.